சாம்பல் நிற ஸ்பீக்கர்களும் ஒரு டைப்ரைட்டர் மணியும்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு அப்பளக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்கவும் முடியாமல் திரும்ப வைக்கவும் முடியாமல் நான் நின்றதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

குளிர்காலம். டிசம்பர் போய் ஜனவரி பிறந்திருக்கலாம். கடைக்காரர் மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்திலிருந்து மீன் வாடை. கடைக்குள் அப்போதுதான் அரைத்த காப்பிப்பொடி வாசனை. அரிசி மூட்டையின் மேல், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு சிவப்பு டூ-இன்-ஒன் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.

பாடியவர் சுப்பையா சார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். வெள்ளிக்கிழமைதோறும் பஜனையில் பாடுகிறவர். அவர் பாடிய முருகன் பாட்டுகளைப் பதிவு செய்து, குரலையும் மிருதங்கத்தையும் வயலினையும் அளவாகக் கலந்து கேசட்டாக்கியது நான். அந்தக் கலக்கிற வேலைக்குத்தான் மிக்ஸிங் என்று பெயர்.

நான் கலந்த பாட்டு ஒன்று ஸ்டுடியோவுக்கு வெளியே ஒலிப்பதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். கேட்ட இரண்டாவது நிமிடமே, கேட்காமல் இருந்திருக்கலாமே என்று ஆகிவிட்டது.

"என்னங்க பாட்டு இது, பல்லு கூசுது" என்றார் பருப்புக்காக நின்றிருந்த அம்மாள்.

"பாடின மனுஷன் நல்லாத்தான் பாடியிருக்காரு. எந்தப் புண்ணியவான் ரெகார்டு பண்ணினானோ, ஒவ்வொரு 'சரவணா'வுக்கும் குக்கர் விசில் அடிக்குது" என்று கடைக்காரர் ஒரு குமிழைத் திருகினார். குமிழ் கடைசி வரை போய் நின்றது. விசில் நிற்கவில்லை.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

"அம்மா, அப்பளம் எடுத்துக்கிறீங்களா, வைக்கிறீங்களா?"

"எடுத்துக்கறேன்" என்றேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால், அப்பளம் நொறுங்கிப் போயிருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

நாற்காலி மாறிய கதை

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று போன வாரம் இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். பெரிய கதை ஒன்றும் இல்லை. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படிப்பை முடித்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க அப்பாவுக்கு முடியவில்லை. டைப்ரைட்டிங் கற்றேன். கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், லாஜ்பத் நகரில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்த ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கேசட் மேல் ஒட்டும் லேபிள்களும், பாட்டு வரிசையும், கடிதங்களும் அடிக்க வேண்டும்.

முதலாளி மெஹ்ரா ஜி. அதற்கு முன் கல்யாணங்களுக்கு ஷாமியானாப் பந்தலும் லவுட்ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்டவர். நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாக எது வாங்கினாலும் அதன் மேலுறையைப் பிரிக்க விடமாட்டார். அவருடைய பியட் காரின் இருக்கைகளில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை ஐந்து வருஷமாக அப்படியே இருந்தது. மே மாதம் அதில் உட்கார்ந்து எழுந்தால் புடவை கூடவே வராது.

எங்கள் ரெகார்டிஸ்ட் சர்மா ஒரு நாள் பம்பாய்க்குப் போய்விட்டார். சொல்லாமல்தான் போனார். பாதியில் நின்ற பஜன் கேசட் ஒன்றை யாராவது முடித்தாக வேண்டும். சர்மா எந்தக் குமிழை எவ்வளவு திருகுவார் என்று மூன்று வருஷம் பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மெஹ்ரா ஜி என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இது இரண்டு நாளைக்குத்தான், ஜெயா ஜி. அப்புறம் ஆள் வருவான்" என்றார்.

இரண்டு நாள் எட்டு மாதமாயிற்று. "ஆள் வருவான்" என்பது மட்டும் மாறவில்லை. நானும் ஒவ்வொரு நாளும் டைப்ரைட்டருக்கு உறை போடாமல்தான் வைத்திருந்தேன். ஆனால் திரும்பப் போக எனக்கு இஷ்டம் இல்லை. யாரிடமும் பேச வேண்டாத ஒரு வேலை அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, காதை மட்டும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஏற்ற நாற்காலி கிடைத்திருந்தது.

ஆளுக்கொரு அபிப்பிராயம்

அப்போது ஸ்டுடியோவில் இருந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் பழைய தில்லியில் செய்யச் சொல்லி வாங்கியவை. பீரோ மாதிரி பெரிய மரப்பெட்டிகள். மிருதங்கத்தை லேசாகத் தட்டினாலும் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ இடிக்கிற மாதிரி கேட்கும்.

கேட்பதற்கு அது சுகம்தான். மிக்ஸிங்குக்கு அதுதான் விஷம். ஏன் என்று சொல்கிறேன். தராசு தானாகவே கால் கிலோ கூட்டிக் காட்டினால், கடைக்காரர் கால் கிலோ குறைத்துத்தான் போடுவார். ஸ்பீக்கர் தானாகவே கனத்தைக் கூட்டிக் காட்டினால், மிக்ஸ் செய்கிறவள் கனத்தைக் குறைப்பாள். வீட்டுக்குப் போய்க் கேசட்டைப் போட்டால் பாட்டு காலி டப்பா மாதிரி ஒலிக்கும். சர்மா செய்த கேசட் எல்லாம் அப்படித்தான் ஒலித்தது. கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஸ்பீக்கர் வேண்டும். அதற்குத்தான் மானிட்டர் என்று பெயர்.

இதை மெஹ்ரா ஜிக்குப் புரிய வைக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதில் மூன்று மாதம், வாயைத் திறக்கலாமா என்று நான் யோசித்த மாதங்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. தபலா வாசிக்க வந்தவர், "பெட்டிக்குள்ள பஞ்சு திணிங்க" என்றார். டீ கொண்டுவரும் ஆள், பெட்டியைத் தலைகீழாக வைக்கச் சொன்னான். என் வீட்டுக்காரர் அமைச்சகத்தில் கிளார்க். அவர் பைலைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்துவிட்டு, "உனக்குக் காதுல அழுக்கு சேர்ந்திருக்கும், நல்லெண்ணெய் காய்ச்சி விடு" என்றார். விட்டேன். இரண்டு நாள் எல்லாச் சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுதான் மிச்சம்.

மெஹ்ரா ஜிக்கோ ஒரே அளவுகோல்தான். பக்கத்துக் காலனிக்குக் கேட்டால் அது நல்ல ஸ்பீக்கர்.

வெளிநாட்டார் வீட்டுச் சாமான்

தில்லியில் ஒரு வழக்கம் உண்டு. தூதரகத்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது, பிரிட்ஜிலிருந்து குழந்தையின் தொட்டில் வரைக்கும் விற்றுவிட்டுப் போவார்கள். கடையில் வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம். செய்தி பரவியதும் ஊரே போய் நிற்கும்.

அப்படி ஒரு வீட்டில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் இருப்பதாக மெஹ்ரா ஜிக்குத் தகவல் வந்தது. மழை நின்று, வெயில் இன்னும் தணியாத நாட்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் முன்னறையில் கம்பளத்தைக்கூடச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெளிநாட்டு அம்மாள் தலையில் துணி கட்டிக்கொண்டு பீங்கான் கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஜோடி, தேக்கு நிறத்தில் என் இடுப்பு உயரம். இன்னொரு ஜோடி, சாம்பல் நிறத் துணி போர்த்திய சின்னப் பெட்டிகள். மளிகைக் கடைக்காரர் தூக்கிப் போட்ட அட்டைப்பெட்டி மாதிரி இருந்தன.

மெஹ்ரா ஜி பெரியதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எருமை வாங்கப் போனவர் மாதிரி. "வஜன் தேகோ! என்ன கனம் பாருங்க, ஜெயா ஜி."

என் கைப்பையில் ஒரு கேசட் இருந்தது. அதில் இருந்தது பாட்டு கிடையாது, டைப்ரைட்டர் சத்தம். முந்தின நாள் நானே அரைப்பக்கம் அடித்து, அதை நானே பதிவு செய்திருந்தேன். பாட்டென்றால் அது நன்றாக இருக்கிறதா, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று எனக்குக் குழப்பம் வரும். டைப்ரைட்டர் அப்படி இல்லை. பதினைந்து வருஷமாக என் விரலுக்கடியில் கிடக்கிற சத்தம். ஒவ்வொரு எழுத்தின் தட்டும், வரி முடியும்போது அடிக்கிற 'டிங்' என்கிற அந்தச் சின்ன மணியும் எப்படி இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பெரிய பெட்டிகளில் டைப்ரைட்டர் சத்தம் குதிரை ஓடுவது மாதிரி கேட்டது. அந்த வெளிநாட்டு அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

சாம்பல் பெட்டிகளில் போட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் மேஜையே அங்கே வந்துவிட்டது. 'e' எழுத்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்புகிற சத்தம்கூடக் கேட்டது. கடைசியில், டிங். தெளிவாக, மெல்லியதாக, முடியும் வரை முழுசாக.

"சின்னது" என்றேன்.

"க்யா?"

"சின்னது போதும், மெஹ்ரா ஜி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஷாமியானா தொழிலின் மொத்த வருத்தமும் இருந்தது. ஆனாலும் வாங்கினார். காரில் திரும்பும்போது பிளாஸ்டிக் இருக்கையில் கிறீச்சிட்டுத் திரும்பி, "இது உங்க பொறுப்பு. ஏதாவது கோளாறுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

பழைய பீரோ ஸ்பீக்கர்கள் மேலே வரவேற்பறைக்குப் போயின. முடிந்த பாட்டை வாடிக்கையாளர்களுக்கு அவற்றில்தான் போட்டுக் காட்டுவார். அந்த அதிர்வில் எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் பிடித்தது. கீழே நான் சாம்பல் ஸ்பீக்கர்களோடு உட்கார்ந்து அந்த மாதம் ஒரு பஜன் கேசட் முடித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் நல்லபடியாகச் சொன்னார்கள். மெஹ்ரா ஜி இரண்டு வாரம் "ஆள் வருவான்" என்று சொல்லாமல் இருந்தார்.

என் எட்டு மாதத்தில் நிம்மதியான இரண்டு வாரம் அதுதான்.

சரஸ்வதி பூஜை

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. மெஹ்ரா ஜி மாதிரி பஞ்சாபிகள் அந்தச் சமயத்தில் ராம்லீலா நாடகம் பார்க்கப் போவார்கள். கருவிகளைக் கும்பிடுவது நம் வழக்கம். மெஹ்ரா ஜியிடம் கேட்டேன். "பூஜைதானே, அச்சா, செய்யுங்க" என்றார்.

காலையில் சீக்கிரம் போய் பேஸ்மென்டைக் கழுவித் துடைத்தேன். டேப் மெஷின், மிக்ஸர், மைக், டைப்ரைட்டர், கதவு நிலை, மெயின் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொரியும் சுண்டலும் வைத்தேன். புது ஸ்பீக்கர்களுக்கு வைக்கும்போது மட்டும் ஒரு யோசனை வந்தது. முன்னால் போர்த்தியிருந்த சாம்பல் துணியில் குங்குமம் பட்டால் கறை போகாது. மெஹ்ரா ஜி கத்துவார். அதனால் துணிச் சட்டத்தைப் பக்குவமாகக் கழற்றி, உள்ளே பொட்டு வைத்து, மறுபடி மாட்டிவிட்டேன். துணியில் ஒரு துளி படவில்லை. என் கைப்பக்குவத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த முதல் வேலை சுப்பையா சாருடையது.

பாம்பு

அப்பளம் நொறுங்கிய மறுநாள் சுப்பையா சாரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். அரை ஸ்வெட்டரும் ஆபீஸ் பையும். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். அதுதான் பயம்.

"என்னம்மா, என் பாட்டுக்குள்ள எத்தனை பாம்பைப் புடிச்சு விட்டிருக்கிய?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மேல ரூம்ல போட்டுக் காட்டும்போது அருமையா இருந்துச்சு. வீட்டுல போட்டா ஒவ்வொரு 'ச'வுக்கும் சீறுது. எம் பேத்தி காதைப் பொத்திக்கிட்டு 'தாத்தா, பந்த் கரோ, நிறுத்து'ங்கா. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாட்டாவது காதுல விழட்டும்னுதான இதைப் பாடுனேன்? இப்ப அதையும் பந்த் பண்ணச் சொல்லுதா."

அவருக்குத் தைப்பூசத்துக்குள் சரியான கேசட் வேண்டும். கோயிலில் எல்லோருக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் ரிட்டயராகிறார். அதற்குப் பிறகு ஊருக்குப் போய்விடுவார்.

மெஹ்ரா ஜி சமாதானம் சொல்லி அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்பீக்கர் யார் தேர்ந்தெடுத்தது?"

"நான்."

"மிக்ஸ் யார் செய்தது?"

"நான்."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பம்பாயிலிருந்து ஆள் வருவான். இந்தத் தடவை நிஜமாகவே வருவான். நீங்க பழையபடி லேபிள் அடிங்க. நாராஜ் மத் ஹோனா, வருத்தப்படாதீங்க."

என் நாற்காலிக்குப் போனேன். மூல டேப்பைப் போட்டேன். குரல், மிருதங்கம், வயலின் தனித்தனியாகப் பதிவானது. சாம்பல் ஸ்பீக்கர்களில் கேட்டால் பாட்டு மொத்தமும் கம்பளிக்குள் இருப்பது மாதிரிதான் இருந்தது. அதனால்தானே 'ச' மாதிரி கூர்மையான மெல்லிய சத்தங்களை எல்லாம் நான் தூக்கி விட்டேன்? தூக்காமல் விட்டால் இங்கே மந்தம். தூக்கினால் வெளியே விசில். நான் என்னதான் செய்வது? ஸ்பீக்கரின் தலையில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது.

மணி எங்கே?

அப்போதுதான் கைப்பையில் கிடந்த டைப்ரைட்டர் கேசட் நினைவுக்கு வந்தது. போட்டேன்.

தட்டுகள் வந்தன, பஞ்சு மூட்டையின் மேல் விழுகிற மாதிரி. வரி முடிந்தது. மணிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். எங்கோ மூன்றாவது வீட்டில் யாரோ கரண்டியைக் கீழே போட்ட மாதிரி ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

எழுந்து போய் என் டைப்ரைட்டரில் ஒரு வரி அடித்தேன். டிங். என் காதில் கோளாறு இல்லை.

ஸ்பீக்கர்தான் மாறியிருக்கிறது. வாங்கிய நாளில் சரியாக இருந்தது, இப்போது கெட்டிருக்கிறது. இதை மெஹ்ரா ஜியிடம் சொல்ல அரை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துச் சொன்னேன்.

"இரண்டும் ஒரே மாதிரி, ஒரே சமயத்தில் கெடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை முருகேசனை வரச் சொன்னேன். விமானப்படையில் ரேடியோ டெக்னீஷியன். மதுரைப் பக்கம். பாலம் விமான நிலையத்துப் பக்கம் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். லீவு நாளில் தமிழர் வீட்டு ரேடியோக்களை எல்லாம் அவர்தான் பார்ப்பார்.

கம்பெனி மார்க்

மெஹ்ரா ஜி டீ சொல்ல மேலே போயிருந்தார். முருகேசன் தரையில் மண்டியிட்டு முதல் ஸ்பீக்கரின் துணிச் சட்டத்தைக் கழற்றினார். டார்ச்சை அடித்தார்.

"அக்கா."

"என்ன?"

"இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

குனிந்து பார்த்தேன். பெட்டிக்குள் இரண்டு வட்டங்கள். கீழே பெரியது, மேலே சின்னது. பெரியதன் நடுவில் ஒரு பொட்டு. சின்னதன் நடுவில், எட்டணா அளவுக்கு, வெடித்துக் காய்ந்த சந்தனமும் அதன் மேல் குங்குமமும். நான் என்றைக்குமே கஞ்சத்தனமாகப் பொட்டு வைத்ததில்லை.

"பெரிசுல வெச்சதாலே குத்தமில்லக்கா. இந்தச் சின்னதுதான் மெல்லிசான சத்தத்தை எல்லாம் குடுக்குறது. மயிலிறகு கணக்கா நடுங்கணும். அது தலையில கல்லைத் தூக்கி வெச்சா எப்புடி நடுங்கும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் குளிரில். மூன்று மாதம் ஸ்பீக்கரைத் திட்டியிருக்கிறேன். காதில் மறுபடி எண்ணெய்கூட விட்டிருக்கிறேன். சீறிய பாம்பைப் பூஜை போட்டு உள்ளே விட்டது நானேதான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மெஹ்ரா ஜி வந்து எட்டிப் பார்த்தார்.

"யே க்யா ஹை? சிவப்பா என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இந்தியில் சொல்லிவிட்டார்: "கம்பெனி கா நிஷான், சாப். கம்பெனி மார்க்."

மெஹ்ரா ஜி குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தேகா! அசல் விலாயத்தி மால், சீமைச் சரக்கு! நகலில் இந்த நிஷான் இருக்குமா? பெரியதிலும் ஒன்று, சின்னதிலும் ஒன்று! ஹாத் மத் லகானா, கை வைக்காதே. அழிஞ்சு போயிடப் போகுது."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மார்க்குக்கு நேரே உட்கார்ந்துகொண்டார். முருகேசன் கையில் பஞ்சோடு என்னைப் பார்த்தார்.

"அவரு போகட்டுங்க்கா, சொரண்டிப்புடுறேன்" என்று தமிழில் முணுமுணுத்தார்.

அவர் எங்கே போவார்? இனி வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் துணியைக் கழற்றி மார்க்கைக் காட்டுவார். அவரை எனக்குத் தெரியாதா? ஐந்து வருஷமாகப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதவர்.

மெஹ்ரா ஜி டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு யோசனையோடு என்னைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் அசல். அதில் கோளாறு இல்லை. அப்போ கோளாறு எங்கே, ஜெயா ஜி?" தன் காதை விரலால் தொட்டுக் காட்டினார். அவருடைய காதைத்தான் தொட்டார். ஆனால் சொன்னது என்னுடையதை. "நாளைக்குப் பம்பாய்க்குப் போன் போடுகிறேன்."

அந்த அறையில் ஹீட்டர் கம்பி சிவந்து லேசாக முனகிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் பொட்டும் இருக்கும், பழியும் இருக்கும், நான் லேபிள் அடித்துக்கொண்டிருப்பேன். சுப்பையா சார் பாம்போடு ஊருக்குப் போவார். பேசினாலும் அநேகமாக லேபிள்தான். ஆனால் பாட்டாவது பிழைக்கும்.

"மெஹ்ரா ஜி" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வோ நிஷான் மேரா ஹை. அந்த மார்க் என்னுடையது."

அவருக்குப் புரியவில்லை. முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

என் நெற்றியில் இருந்த பொட்டைத் தொட்டேன். பிறகு ஸ்பீக்கரைக் காட்டினேன்.

மெஹ்ரா ஜி என் நெற்றியைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பிக் கதவு நிலையைப் பார்த்தார். அங்கே அதே மங்கிய பொட்டு. டேப் மெஷினில் ஒன்று. டைப்ரைட்டரில் ஒன்று. மெயின் சுவிட்சில் ஒன்று. எழுந்து போய் இரண்டாவது ஸ்பீக்கரின் துணிச் சட்டத்தை அவரே கழற்றினார். உள்ளே, இன்னும் கொஞ்சம் பெரிதாக, இன்னொரு ஜோடி.

"துணி மேலேயே வெச்சிருக்கலாமே?" குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

"துணியில கறை படிஞ்சா நீங்க கத்துவீங்கன்னு..."

"அதனால ஸ்பீக்கர் செத்தாலும் சரி, துணி சுத்தமா இருக்கணும்! ஹே பகவான்! துணிக்குக் கறை படக் கூடாதுன்னு யாராவது..."

அங்கே நிறுத்திவிட்டார். அந்த பியட் கார் அவர் நினைவுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது. டீயை முழுசும் குடித்து முடித்தார். பிறகு முருகேசனைப் பார்த்து, "ஜல்தி கர், பாய், சீக்கிரம்" என்றார்.

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்றில் நான் அழுத்திய இடம் லேசாகக் குழிந்திருந்தது. ஒட்டுத்தாளைப் பதித்து இழுத்து அதையும் சரி செய்தார் முருகேசன். நான் டைப்ரைட்டர் கேசட்டைப் போட்டேன்.

தட்டு, தட்டு, ஒட்டிக்கொண்டு திரும்பும் 'e'. வரி முடிந்தது. டிங்.

"இந்த மணி முன்னாடியும் இருந்துச்சா?" என்று கேட்டார் மெஹ்ரா ஜி.

"இருந்தது. இதை வெச்சுத்தான் வாங்கினோம்."

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பம்பாய்க்குப் போன் போடுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. திங்கட்கிழமை காலை என் டைப்ரைட்டர் மேல் யாரோ உறை போட்டு மூடியிருந்தார்கள்.

சுப்பையா சாரின் எட்டுப் பாட்டையும் முதலிலிருந்து மிக்ஸ் செய்தேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்தேன். அவர், பேத்தி முதல் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு திரிகிறாள் என்று மட்டும் போனில் சொன்னார். அடுத்த சரஸ்வதி பூஜைக்கு, நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, மெஹ்ரா ஜி இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "எனக்கு வைங்க. எவ்வளவு வேணும்னாலும் வைங்க" என்று நெற்றியை நீட்டினார். வைத்தேன்.

அதற்கு முன்பே, குளிர் விடுகிற சமயத்தில், மறுபடி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். சிவப்பு டூ-இன்-ஒன்னில் சுப்பையா சார் பாடிக்கொண்டிருந்தார். விசில் இல்லை. கடைக்காரர் தராசுத் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா? புதுக் கேசட்டு. ரெகார்டு பண்ற ஆளை மாத்திட்டாங்க போல, நல்ல வேளை" என்றார் என்னிடம்.

"ஆளை மாத்தலைங்க" என்றேன். "அதுவும் நான்தான் பண்ணினேன். இதுவும் நான்தான்."

தாளம் நின்றது. அவர் மப்ளரைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"அப்பளம் எத்தனை கட்டு?" என்றார்.

"ரெண்டு" என்றேன். அடுத்த கடைக்கும் கேட்டிருக்கும்.